ஐந்து லீற்றர் கணக்கு

2022 ஓகஸ்டில் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் முறை இலங்கையெங்கும் வந்தபோது ஓட்டோ ஒன்றுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்று தாராளமாகப் பிடித்தாலும் 125 கிலோமீற்றர்தான். திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நிலாவெளிக்குப் போய்வர ஏறத்தாழ 30. நாலு ஓட்டத்தோடு கிழமை முடிந்தது. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் கணக்கைப் போட்டோம்.

அதற்கு முந்தைய மாதங்கள் இன்னும் மோசம். தரிப்பிடத்து ஓட்டோக்காரர் ஒருவர் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கேட்டார். முகம் சுளித்தேன். “பெற்றோலுக்கு நிண்ட ராவுக்கும் சேர்த்துத்தான் கேக்கிறன், அண்ணை” என்றார். மறுபேச்சில்லாமல் ஏறினேன்.

ஜிஃப்ரி சுல்ஃபர் 2015இல் தொடங்கிய பிக்மீ போன்ற, ஆப்பில் வாகனம் பிடித்துத் தரும் கம்பனிகளின் கூலியில் அந்த இரவு இல்லை. ஏறிய இடத்திலிருந்து இறங்கிய இடம் வரைதான் ஆப் கணக்குப் பார்க்கும். கொழும்பில் ஆப் காட்டியதற்கு மேல் கேட்டவர்களைப் பயணிகள் திட்டினார்கள். திட்டு நியாயம், கேட்டதும் நியாயம்.

இந்த ஆப் வியாபார முறை பொருளாதார மந்தத்தைத் தாங்குவதன் சூட்சுமம் இங்கேதான். வண்டி கம்பனியுடையதல்ல. ஓட்டம் குறைந்தால் கொமிஷன் குறையும், அவ்வளவே. லீசிங் தவணை சாரதியின் தலையில். வேலை இழந்தவர்கள் ஓட்டோவோடு வந்து சேர்வார்கள். பயணி குறைந்தால் அதே ஆப்பில் சாப்பாடும் சாமானும் போகும். கெட்டித்தனமான அமைப்பு, மறுப்பதற்கில்லை.

ஆனால் கம்பனிக்குப் பாரமே இல்லை என்று சொல்வது மிகை. வருமானம் ரூபாயில், வெளிநாட்டு சேர்வர் வாடகை டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது அந்தப் பில் என்னவாகியிருக்கும்? டபிள்யூஎஸ்ஓ2 போன்ற மென்பொருள் ஏற்றுமதிக் கம்பனிகளுக்கு நிலைமை தலைகீழ்: டொலரில் வாங்கி ரூபாயில் சம்பளம் கொடுத்தன. அவற்றின் தலையிடி வேறு. பொறியியலாளர்கள் கடவுச்சீட்டு வரிசையில் நின்றார்கள்.

பிக்மீயை நடத்தும் கம்பனி 2024இல் கொழும்புப் பங்குச் சந்தைக்கு வந்தது. மந்தத்தைத் தாண்டிய கம்பனி என்று முதலீட்டாளர் நம்பினால் பிழையில்லை. என் குறை ஒன்றுதான். மழைக்கும் நெரிசலுக்கும் நொடியில் கூலியை உயர்த்தத் தெரிந்த ஆப்புக்கு, பெற்றோல் செட் வாசலில் ஆறு மணிநேரம் அசையாமல் நின்ற ஓட்டோவும் வரைபடத்தில் தெரிந்திருக்கும். அந்த மணிநேரங்களுக்குக் கொமிஷனில் கழிவு கொடுத்திருக்கலாம். தரிப்பிடத்து மனிதர் அதை மனக்கணக்காகவே போட்டார்.