கோழிக்கு வீட்டு வைத்தியம்: காப்பது எது, கெடுப்பது எது?

திருக்கடலூரிலோ உப்புவெளியிலோ ஒரு வீட்டுப் பேடு இரை எடுக்காமல், செட்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றால், அந்த வீட்டார் செய்வது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். சின்ன வெங்காயத்தையும் உள்ளியையும் மஞ்சளோடு இடித்து உருண்டை பிடித்துச் சொண்டைத் திறந்து உள்ளே தள்ளுவார்கள். மறுநாளும் தேறாவிட்டால் நல்லெண்ணெய் பருக்குவார்கள். அதற்கும் அசையாவிட்டால் பார்மசியில் இரண்டு கப்சியூல் வாங்கி, உடைத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பார்கள். கண்ணூறு பட்டிருக்கும் என்று காலில் கறுப்பு நூலும் ஏறும். நாலைந்து நாளில் கோழி ஒன்றில் எழும்பி மேயும், இல்லையென்றால் வளவு மூலையில் குழி வெட்டப்படும். எது நடந்தாலும் என்ன வருத்தம் என்பது மட்டும் கடைசிவரை தெரியவராது.

படித்தவர்கள் இதை மூடப்பழக்கம் என்று ஒதுக்குகிறார்கள். மரபில் பற்றுள்ளவர்கள் பாட்டி வைத்தியம் என்று தலையில் தூக்கி வைக்கிறார்கள். இரண்டு பேருமே கோழிக்குக் கிட்டப் போய்ப் பார்த்துப் பேசுவதாக எனக்குத் தெரியவில்லை. இந்த வழக்கத்தில் பராமரிப்பு ஒரு பாதி, மருந்து மறுபாதி. பராமரிப்பில் நம் பெண்களுக்கு உள்ள கைப்பழக்கம் அருமையானது, அதை இழந்துவிடக் கூடாது. மருந்து கொடுக்கும் பாதிதான் குருட்டுத்தனமாக நடக்கிறது. ஒரு பாதியின் நற்பெயரில் மற்றப் பாதி ஒளிந்துகொண்டிருக்கிறது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா கோழி பார்க்கும் விதத்தைச் சொன்னால் இது விளங்கும். சுகமில்லாத பேட்டை அவர் மற்றக் கோழிகளோடு விடமாட்டார். மட்டைப் பெட்டிக்குள் பழைய சாரத் துண்டை விரித்துக் குசினியில் அடுப்புச் சூடு படுகிற இடத்தில் வைப்பார். தண்ணீரைச் சொண்டுக்குள் ஊற்றுவதில்லை. விரல் நுனியை நனைத்துச் சொண்டின் ஓரத்தில் ஒரு துளி விடுவார். கோழி தானாக விழுங்கிக் கழுத்தை நீட்டினால்தான் அடுத்த துளி. விடிந்ததும் முதல் வேலையாக நெஞ்சுக்கு மேலுள்ள இரைப்பையை இரண்டு விரலால் தடவிப் பார்ப்பார். முதல்நாள் தின்றது இறங்கியிருந்தால் அது வெறுமையாகத் தட்டுப்படும். இறுகிக் கிடந்தாலோ, அமுக்கும்போது வாயில் புளித்த மணம் வந்தாலோ, இரை கொடுப்பதை நிறுத்திவிடுவார். பிறகு நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை வற்றியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். எலும்பு கத்தி விளிம்பாகக் கைக்குத் தட்டுப்பட்டால் வருத்தம் நேற்று வந்ததல்ல, வாரக்கணக்கில் உள்ளே இருந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அந்தக் கணிப்பு சரியானது. கோழி, பிற பிராணிகளுக்கு இரையாகும் இனம். தளர்ச்சியைக் காட்டினால் பருந்தும் கீரியும் தேடி வரும், கூட்டத்திலுள்ள மற்றக் கோழிகளும் கொத்தும். அதனால் நிற்க முடிகிறவரை நின்று, கொத்த முடிகிறவரை கொத்திக்கொண்டேயிருக்கும். நம் கண்ணுக்குத் திடீரென்று விழுந்ததாகத் தெரியும் கோழி பலவேளை முற்றிய நோயாளி. சூடு கொடுப்பதற்கும் காரணம் உண்டு. கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 பாகை செல்சியஸ், நம்மைவிட நாலைந்து பாகை கூட. இரை எடுக்காத கோழி அந்தச் சூட்டைக் காப்பாற்றவே இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்துவிடும். வாடைக்காலத்து மழையில் நனைந்த கூட்டில் இது இன்னும் மோசம். முட்டை இறங்காமல் முக்கிக்கொண்டு நிற்கும் பேட்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் இருத்துவதும், பிறகு சிப்பி ஓட்டை இடித்து வைப்பதும் இவ்வாறே பயனுள்ளவை. கடற்கரை முழுக்கக் கிடக்கும் சிப்பியில் உள்ளது சுண்ணாம்புச் சத்து. அது குறைந்தால் முட்டைக்கோது மெலியும், முட்டையைத் தள்ளும் தசையும் சோரும்.

ஆனால் அடுத்த வீட்டில் அதே பேட்டின் வாயில் நல்லெண்ணெயைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். கோழியின் மூச்சுக்குழல் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் திறக்கிறது. சொண்டைப் பிளந்து பார்த்தால் மூச்சுக்கு ஒருமுறை திறந்து மூடும் அந்தப் பிளவு வெறுங்கண்ணுக்கே தெரியும். எண்ணெய் அதற்குள் போனால் சுவாசத்தில் இறங்கி, நோயால் சாகாத கோழியையும் சாகடித்துவிடும். வெங்காய உருண்டையைவிட எனக்குக் கூடுதல் பயம் இந்தக் கரண்டியில்தான்.

இந்த மருந்துகளுக்கு நற்பெயர் எப்படி வந்தது? கோழி அம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். நுளம்பு பெருகும் மாதங்களில் பூவிலும் கண்ணோரத்திலும் கறுத்த பொருக்கு வரும். வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசுவோம், சில கிழமைகளில் பொருக்கு உதிரும், மருந்து வேலை செய்தது என்போம். தோலோடு நிற்கும் அம்மை, பூசினாலும் பூசாவிட்டாலும் அந்தக் கால அளவில் தானாக ஆறக்கூடியது. தொண்டைக்குள் பரவும் வகைதான் கோழியை விழுத்தும், அதை மஞ்சள் தடுக்காது. புண்ணில் கிருமி தொற்றாமல் வேப்பெண்ணெய் ஓரளவு உதவலாம். ஆனால் அம்மையில் சம்பாதித்த நற்பெயரை வைத்துக்கொண்டு அதே மஞ்சளை வெள்ளைக் கழிச்சலுக்கும் கொடுக்கிறோம். அங்கே அது கையை விரிக்கிறது.

வெள்ளைக் கழிச்சல் என்று ஊரில் சொல்வது பலவேளை ராணிக்கெட் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும், மறு ஆண்டு இந்தியாவின் ராணிக்கெட்டிலும் அடையாளம் காணப்பட்ட வைரசு நோய் அது. தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் புகுந்தால் பத்துக்கு ஒன்பதைக் கொண்டுபோகக் கூடியது. ஆறிப்போகும் நோய்க்குக் கிடைத்த புகழை ஆறாத நோய்க்குச் செலவழிப்பதுதான் இந்த வைத்தியத்தின் முதற் குறை. தப்பிய ஒரு கோழியை மருந்தின் கணக்கிலும், செத்த ஒன்பதைக் கண்ணூறின் கணக்கிலும் எழுதிவிடுகிறோம்.

உண்மையிலேயே ஆளைக் குழப்புவது கழுத்து வருத்தங்கள். கழுத்து ஒருபக்கமாக முறுகித் தலை சுழன்றால், ராணிக்கெட்டில் தப்பிய கோழியின் நரம்பில் வைரசு விட்டுப்போன சேதமாக இருக்கலாம். தலை பின்னோக்கி வளைந்து வானத்தைப் பார்த்தபடி நின்றால் தயமின் என்ற விற்றமின் பி1 குறைவைச் சந்தேகிக்க வேண்டும். கழுத்தைத் தூக்கவே முடியாமல் துணியாகத் தரையில் கிடந்து, இறகைத் தொட்டால் கையோடு வந்தால், அழுகல் இரையில் உண்டாகும் பொட்டுலினம் நஞ்சு. மூன்றையும் கழுத்து வாதம் என்று ஒரே பெயரில் அழைத்து ஒரே உருண்டையைக் கொடுக்கிறோம்.

நம்முடைய துறைமுகக் கரையில் இந்தக் குழப்பம் இன்னும் கூட. மீன் வெட்டிய இடத்தில் வெயிலில் கிடந்து புழுத்த குடலைக் கோழி கிளறித் தின்கிறது. அந்தப் புழுவுக்குள்ளேயே பொட்டுலினம் நஞ்சு இருக்கலாம். சிலவகை மீன்களின் பச்சைக் குடலில் தயமினைச் சிதைக்கும் நொதி உண்டு. கருவாடு காயவைக்கும் இடத்தில் உப்பைக் கூடுதலாகத் தின்ற கோழி விடாமல் தண்ணீர் குடித்து, நீராகக் கழிந்து, கால் சோர்ந்து விழும். பார்ப்பவருக்கு அதுவும் கழிச்சல்தான். வலையிலிருந்து கழன்ற சின்ன ஈயத் துண்டைக் கல்லென்று கொத்தி விழுங்கினால், அது அரைவைப்பையில் கிடந்து தேய்ந்து மெல்ல நஞ்சூட்டும். நிலாவெளி மணலிலும் கிண்ணியாக் கரையிலும் கோழி வளர்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது, நேற்று இது எங்கே மேய்ந்தது என்பதைத்தான். உள்ளூர்ப் பெண்களுக்கு இதற்குப் பதில் தெரியும். எந்த மிருக வைத்தியருக்கும் தெரியாத விடயம் அது. அவர்களிடம் கேட்பவர்தான் இல்லை.

புரியாத கோழி வருத்தம் ஒன்று உலகத்துக்கே வைத்தியம் சொல்லிக் கொடுத்த கதை ஜாவாவில் நடந்தது. 1889இல் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் எய்க்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர் பெரிபெரி நோய்க்கான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகூடக் கோழிகள் கால் சோர்ந்து விழத் தொடங்கின. நோய் கொடுத்தவையும் விழுந்தன, நோய் கொடுக்காமல் ஒப்பீட்டுக்கு வைத்திருந்தவையும் விழுந்தன. பிறகு உயிரோடிருந்தவை எழும்பிவிட்டன. விசாரித்தபோது இரைதான் மாறியிருந்தது. இடையில் சில மாதம் இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், படையினரின் சோற்றைக் கோழிக்குத் தரமுடியாது என்று மறுத்துவிட்டார். தவிட்டில் ஏதோ இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. எய்க்மன் முதலில் சோற்றில் நஞ்சு இருப்பதாகவே நினைத்தார். சத்து இல்லாமைதான் காரணம் என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கெரிற் கிறைன்ஸ். 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதை நமக்கு நேரடியாகவே பொருந்தும். வளவெல்லாம் மேயும் கோழிக்குத் தயமின் குறைவு இலேசில் வராது. கூட்டில் அடைத்து, அன்பு மிகுதியால் வெள்ளைச் சோறு மட்டுமே ஊட்டப்படும் செல்லக் கோழிக்கு வரும். சுகமில்லாத கோழியைப் பெட்டியில் வைத்து நாட்கணக்கில் வெறுஞ்சோறு கொடுப்பதும் அதே ஆபத்து. சீனக்குடாவில் பிறிமா மாவாலை கோதுமை அரைக்கும் மாவட்டம் இது, கோதுமைத் தவிடு நமக்குத் தூரத்துப் பொருள் அல்ல. ஒரு பிடி தவிட்டைச் சோற்றோடு பிசைந்து கொடுப்பதும், விற்றமின் பி குளிசையைப் பொடித்துக் கரைத்துச் சொட்டாகக் கொடுப்பதும் கெடுதல் செய்யாது. வானம் பார்த்து நின்ற கழுத்து ஓரிரு நாளில் நிமிர்ந்தால் காரணமும் தெரிந்துவிடும். எய்க்மனின் கோழிகளில் ஒரே ஒரு விடயம் மாறியது, அதனால் விடை கிடைத்தது. நாம் ஒரே நாளில் உள்ளியும் எண்ணெயும் கப்சியூலும் நூலும் சேர்த்துக் கொடுக்கிறோம். கோழி எழும்பினாலும் எதனால் எழும்பியது என்று எவருக்கும் தெரியாது, அடுத்த கோழிக்குப் பாடமும் இல்லை.

மூலிகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றவர்கள் மூலிகை மருந்துகளை அளவோடும் முறையோடும் எழுதிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அளவு எழுதப்பட்டால்தான் ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்க முடியும், தவறென்றால் விலக்கவும் முடியும். நம் ஊர் உருண்டைக்கு அளவே கிடையாது.

கப்சியூல் விடயத்தில் நான் சமரசம் செய்யமாட்டேன். ராணிக்கெட்டும் அம்மையும் வைரசு. அன்ரிபயோற்றிக் அவற்றைத் தொடாது. பக்ரீரியா நோயாக இருந்தாலும் இரண்டு கப்சியூலோடு நிறுத்துவது கிருமிக்கு எதிர்ப்பைப் பழக்குவதுதான். இந்தியா 2019இல் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளில் கொலிஸ்ரின் மருந்தைத் தடைசெய்தது இந்த அச்சத்தில்தான். கப்சியூல் குடித்த பேடு இடும் முட்டையிலும் மருந்து வரும், அதை வீட்டுக் குழந்தைதான் சாப்பிடும்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. சாகப்போகிறது என்று தெரிந்ததும் குறைந்த விலைக்கு விற்பது, அல்லது உயிர் இருக்கும்போதே அறுத்துக் கறியாக்கிக் குடலையும் இறகையும் வேலிக்கு வெளியே எறிவது. வறுமைப்பட்ட வீட்டில் ஒரு கோழியின் பெறுமதி எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வளவு நோயை ஊர் நோயாக்குவது இதுதான்.

மிருக வைத்தியரிடம் போவதுதானே என்று சொல்வது இலகு. அரச அலுவலகத்தில் மாடும் ஆடும்தான் முன்வரிசை. ஒரு பேட்டின் விலையைவிட முச்சக்கரவண்டிக் கூலி கூட. தடுப்பு மருந்துக் குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்கென்று வருகிறது, கரைத்தால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், எட்டுக் கோழி வைத்திருப்பவர் அதை வாங்கி என்ன செய்வார்? வீட்டு வைத்தியம் வேரூன்றியதற்கு அறியாமையைவிட இந்த இடைவெளிதான் பெரிய காரணம். சூட்டைத் தாங்கும் ஐ-2 என்ற தடுப்பு மருந்தை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, மொசாம்பிக், தன்சானியா கிராமங்களில் ஊர்ப் பெண்களே கண்ணில் ஒரு சொட்டாகப் போடும்படி பழக்கியிருக்கிறார்கள். நம் பெண்களின் கை அதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

கோழி செத்துவிட்டால் உடனே புதைத்துவிடாதீர்கள். பொலித்தீனில் இறுகச் சுற்றி, மீனுக்குப் போடும் ஐஸில் வைத்து, அன்றே உங்கள் பிரிவு மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். உறைய வைத்தால் உள்ளுறுப்புகள் பழுதாகும், குளிர்ந்திருந்தால் போதும். ஐஸுக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. வெட்டிப் பார்த்தால் குடலில் இரத்தமா, வயிற்றில் உடைந்த முட்டைக் கருவா, அரைவைப்பையில் ஈயமா என்று பெரும்பாலும் அங்கேயே தெரியும். அங்கே முடியாததைக் கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்தில் பார்க்கலாம். செத்த ஒன்றின் காரணம் தெரிந்தால் மிஞ்சிய ஏழுக்கும் வழி தெரியும். வாடை மழைக்கு முன், புரட்டாதியிலேயே, ஒழுங்கையிலுள்ள கோழிகளையெல்லாம் எண்ணி ஒரே பட்டியலாக அந்த அலுவலகத்தில் கொடுத்து, ஒரு குப்பி மருந்தை எல்லா வீட்டுக்கும் ஒரே மாலையில் போடச் சொல்லிக் கேளுங்கள்.