ஆறு தொண்டைகள், ஒரு பெயர்

'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தைப் பற்றி வந்திருக்கும் நூல்களை வரிசையாகப் படிப்பவருக்கு ஒரு முரண் சீக்கிரமே தட்டுப்படும். ஆல்பத்தின் உறையில் இருக்கும் பெயர் 'பீச் பாய்ஸ்' என்ற பாட்டுக் குழுவுடையது. நூல்களுக்குள் நடமாடுபவரோ பிரையன் வில்சன் ஒருவர்தான். மற்றவர்கள் அவருக்குத் தடையாகவோ துணையாகவோ ஓரிரு பக்கங்களில் வந்து போகிறார்கள்.

குழு 1961இல் கலிபோர்னியாவின் ஹாதோர்ன் நகரில் உருவானது. பிரையன், டென்னிஸ், கார்ல் என்ற மூன்று சகோதரர்கள், அவர்களுடைய அத்தை மகன் மைக் லவ், நண்பர் அல் ஜார்டின். புரூஸ் ஜான்ஸ்டன் 1965இல் சேர்ந்தார். 'ஃபோர் ஃப்ரெஷ்மென்' என்ற ஜாஸ் குரல் குழுவின் தட்டுகளைப் பியானோ முன் உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொரு குரலும் எந்தச் சுரத்தில் நகர்கிறது என்று பிரித்தெடுத்து வீட்டாருக்குப் பாடக் கற்றுக்கொடுத்தவர் பதின்வயது பிரையன். அவருக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது. இருந்தும், யாருக்கும் பிடிபடாத பிசிறைப் பிடித்துவிடுவார் என்பதால் மைக் லவ் அவருக்கு 'நாய்க்காது' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்.

1964 டிசம்பரில் ஹூஸ்டன் போகும் விமானத்தில் பிரையன் மனம் உடைந்தார். அதன்பின் ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை விட்டு ஸ்டுடியோவிலேயே இருந்துவிட்டார். பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' அவரை உசுப்பிவிட்டது. விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்த டோனி ஆஷரைப் பாடல் வரிகளுக்கு அழைத்துக்கொண்டார். 1966 ஜனவரியில் குழு ஜப்பானில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, டிரம்ஸுக்கு ஹால் பிளெயின், பேஸ் கிடாருக்குக் கரோல் கே போன்ற கூலிக் கலைஞர்களைக் கொண்டு லாஸ் ஏஞ்சலஸில் வாத்தியப் பதிவு நடந்தது. திரும்பி வந்தவர்கள் அதன்மேல் பாடினார்கள். மே 16 அன்று ஆல்பத்தைக் கேப்பிடல் நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்காவில் பத்தாம் இடம், பிரிட்டனில் இரண்டாம் இடம். கேப்பிடலுக்கு இதில் பெரிய நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு மாதம் முடிவதற்குள் பழைய வெற்றிப் பாடல்களின் தொகுப்பொன்றைச் சந்தைக்கு அனுப்பிவிட்டது.

ஒற்றை மேதை என்ற சித்திரத்துக்கு அழுத்தமான கோடு போட்டது 1978இல் வந்த டேவிட் லீஃபின் நூல். அதில் பிரையன் சுற்றத்தாரால் புரிந்துகொள்ளப்படாத கலைஞர். 1994இல் டிமோதி வைட், வில்சன் குடும்பம் கான்சாஸிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்த கதையோடு சேர்த்து எழுதினார். மனிதர்கள் நிறைந்த நூல் அது. என் கணக்கில் இன்னும் போதிய மதிப்புப் பெறாத நூலும்கூட. இசையியலாளர்களில் டேனியல் ஹாரிசனின் 1997 கட்டுரையும் பிலிப் லாம்பர்ட்டின் 2007 நூலும் முக்கியமானவை. இந்த ஆல்பத்தின் 'காட் ஒன்லி நோஸ்' பாடலில் பேஸ் கிடார் பெரும்பாலும் ஆதார சுரத்தில் கால் ஊன்றுவதில்லை. எந்த சுருதியில் நிற்கிறோம் என்பதே கேட்பவருக்குக் கடைசிவரை நழுவிக்கொண்டிருக்கும். இந்த நழுவலை விளக்க இவர்களைப் போன்றோர் நமக்குத் தேவைப்படுகிறார்கள். சார்ல்ஸ் கிரானாட்டா 2003இல் பதிவறை விவரங்களைத் திரட்டித் தந்தார். ஜிம் ஃபுசிலியின் சிறுநூல் ஒரு ரசிகரின் அந்தரங்கம். ஆராய்ச்சியை அதில் தேட வேண்டியதில்லை.

இந்த நூல்களில் வாத்தியங்கள் பற்றி இவ்வளவு துல்லியமும் குரல்கள் பற்றி இவ்வளவு பொதுப்பேச்சும் ஏன்? காரணம் பெருமளவு காகிதம்தான் என்று நினைக்கிறேன். கூலிக் கலைஞர்களுக்குச் சங்கம் இருந்தது. ஒவ்வொரு அமர்வுக்கும் யார் வந்தார், எத்தனை மணி நேரம் வாசித்தார் என்று சம்பளச் சீட்டு எழுதப்பட்டது. ஆய்வாளருக்கு அது புதையல். குழுவினர் பாடிய இரவுகளுக்கு அந்த அளவுக்கு ஆவணம் மிஞ்சவில்லை. உறையில் பெயர்கூடப் போடப்படாத ஹால் பிளெயின் இன்று நூல்களில் தெளிவாகத் தெரிகிறார். சான் டியேகோ விலங்குக்காட்சிச் சாலையில் ஆடுகளுக்குத் தீனி கொடுத்தபடி உறையில் நிற்பவர்கள் மங்கலாகிவிட்டார்கள்.

இந்த நிலையை ஓரளவு மாற்றியது நூலல்ல, 1997இல் வந்த 'தி பெட் சவுண்ட்ஸ் செஷன்ஸ்' என்ற தொகுப்பு. முதல் ஸ்டீரியோ கலவை வந்தது அதில்தான். அதைவிட முக்கியம், வாத்தியங்களை நீக்கிக் குரல்களை மட்டும் விட்ட வடிவங்கள். இது சாத்தியமானதற்கும் பதிவு முறையே காரணம். வாத்தியங்களை ஒரே தடமாகச் சுருக்கி எட்டுத்தட நாடாவுக்கு மாற்றிய பிறகு, மிச்சத் தடங்கள் குரலுக்குக் கிடைத்தன. 'ஸ்லூப் ஜான் பி' பாடலை இப்படிக் கேளுங்கள். பஹாமாஸ் நாட்டார் பாட்டு. எடுத்துக்கொள்ளச் சொன்னவர் ஜார்டின். கிடாரும் டிரம்ஸும் விலகியதும் குரல்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டும் தாங்கிக்கொண்டும் போவது தெரிகிறது. அடியில் மைக் லவ்வின் கனத்த குரல், உச்சியில் பிரையனின் மெல்லிய குரல், இடையில் கார்லும் ஜார்டினும். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களின் உயிரெழுத்து உச்சரிப்பு ஒன்றுபோலவே இருக்கும். அந்த ஒற்றுமையைத் தாளில் எழுதித் தர முடியாது.

'எவர்லி பிரதர்ஸ்' என்ற இருவரிடமும் இந்த ரத்த உறவு கேட்கிறது. 1969இல் வந்த கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆல்பத்தில் நேர்மாறு. மூன்று வெவ்வேறு குழுக்களிலிருந்து வந்த மூன்று குரல்கள். எது யாருடையது என்று விரல் வைத்துச் சொல்லலாம். அழகு அங்கேயும் உண்டு, ஆனால் கரைதல் இல்லை.

இந்த ஆல்பம் குழுவின் குரல் என்பதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. 'கேரலைன், நோ' பாடலில் பிரையனைத் தவிர வேறு குரலே இல்லை. அது முதலில் அவர் பெயரிலேயே தனித்தட்டாக வந்தது. 'டோன்ட் டாக்' பாடலிலும் அவர் தனியாகவே பாடுகிறார். 'காட் ஒன்லி நோஸ்' முடிவில் சுழன்று சுழன்று வரும் குரல்களில் மேலும் கீழும் பிரையன், நடுவில் ஜான்ஸ்டன். முன்னதாக நிறையப் பேரைப் பாடவைத்துப் பார்த்துவிட்டு அதைக் கைவிட்டவரும் அவரே. ஆனால் அந்தப் பாடலை முன்னின்று பாடியவர் கார்ல். அவரால்தான் இது நன்றாக வரும் என்று தம்பிக்குக் கொடுத்தார் அண்ணன். தனி மேதை என்று சொல்பவர்கள் இந்த ஒப்படைப்பைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உரிமைத் தகராறும் இருக்கிறது. 1994 வழக்கில் வென்ற பிறகு 'வுடின்ட் இட் பி நைஸ்' உட்படப் பல பாடல்களுக்கு மைக் லவ்வின் பெயர் ஆசிரியர் வரிசையில் சேர்ந்தது. 2016இல் அவரும் பிரையனும் தனித்தனியே தன்வரலாறு வெளியிட்டார்கள். இருவரும் யார் எழுதியது என்பதில்தான் மல்லுக்கு நிற்கிறார்கள். டென்னிஸ் 1983இலும் கார்ல் 1998இலும் இறந்துவிட்டார்கள். பிரையன் 2025 ஜூனில் காலமானார். இனி யார் எந்த வரியை எப்படிப் பாடினார் என்று எழுத முனைபவருக்கு, 1997இல் பிரித்தெடுத்த அந்தக் குரல் தடங்களே முதல் ஆவணம்.