காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று

நமக்கு ஒன்றாக இருக்கும் பல மரபணுக்கள் ஜீப்ரா மீனுக்கு இரண்டிரண்டாக இருக்கின்றன. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அதன் மூதாதை மீன் ஒன்றில் மொத்த மரபணுத் தொகுப்பும் ஒரே அடியாக இரட்டித்துப்போனதன் மிச்சம் அது. இதை முதல்முறை படித்தபோது எனக்குத் தோன்றியது ஒரே வார்த்தை: பேக்கப். சர்வர்களோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? நண்பர்களிடமும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நினைப்பை உடைத்தது, 2005-ல் 'டெவலப்மென்ட்' இதழில் கிறிஸ்டோஃப் சைலர், தெரசா நிக்கல்சன் குழுவினர் எழுதிய ஆய்வுக்கட்டுரை. இந்த மாதம் அதை மறுபடி உட்கார்ந்து படித்தேன். இன்னமும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த முறை ஒரு இடம் உறுத்தியது.

மனிதரில் பிசிடிஹெச்15 என்ற மரபணு கெட்டால் அஷர் நோய்க்குறியின் ஒரு வகை வரும். குழந்தை பிறவியிலேயே காது கேட்காமல் இருக்கும்; பிறகு வளர வளரப் பார்வையும் குறையும். ஒரே ஜீன், இரண்டு புலன்கள். ஜீப்ரா மீனில் இதற்கு ஏ, பி என்று இரண்டு பிரதிகள். ஏ கெட்ட மீனுக்குக் காது கேட்பதில்லை, சமநிலையும் இல்லை, ஆனால் பார்வை நன்றாக இருக்கிறது. நேராக நீந்த முடியாமல் வட்டமடிப்பதால் அதற்கு 'ஆர்பிட்டர்' என்று பெயர். (இதே கூட்டத்தில் ஸ்புட்னிக், ஜெமினி, ஸ்கைலேப் எல்லாம் உண்டு. பெயர் வைத்தவருக்கு நல்ல ரசனை!) உட்காதின் மயிர்ச் செல்களில் கட்டாக நிற்க வேண்டிய நுண்மயிர்கள், கட்டு அவிழ்ந்த துடைப்பம் மாதிரி விரிந்து கிடக்கின்றன. பி-யைக் குறைத்தால் கண் பாதிக்கப்படுகிறது. ஒளியைப் பிடிக்கும் செல்களின் வெளிப்பகுதிகள் வரிசை குலைந்து கிடக்கின்றன. பழைய ஜீன் இரட்டித்த பிறகு ஒரு பிரதி காதுக்கான வேலையையும், மற்றது கண்ணுக்கான வேலையையும் தக்கவைத்துக்கொண்டது என்று முடிக்கிறார்கள்.

அப்படின்னா இது பேக்கப் இல்லை. ஒன்று போனால் மற்றொன்று வந்து தாங்கவில்லையே! 1999-ல் ஃபோர்ஸ், லிஞ்ச், போஸ்ட்லெத்வெய்ட் முதலானோர் சொன்ன விளக்கம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. எங்கள் தொழில் பாஷையில் சொல்கிறேன். ஒரு மாட்யூலை இரண்டு டீம்கள் காப்பி எடுக்கின்றன. ஒரு டீமின் பிரதியில் பாதி பழுதாகிறது, அடுத்த டீமின் பிரதியில் மறு பாதி. இப்போது இரண்டில் எதையும் டெலிட் பண்ண முடியாது. யாரும் எதையும் மேம்படுத்தவே இல்லை, இரண்டும் கெட்டுத்தான் போயிருக்கின்றன. ஆனாலும் இரண்டுமே இன்றியமையாதவை ஆகிவிட்டன. எனக்கு இந்த யோசனை இன்றும் அழகாகத்தான் படுகிறது.

உறுத்தல் இதுதான். காதுப் பாதிக்கு ஆதாரம் ஜீனிலேயே பழுதான மீன். கண் பாதிக்கு ஆதாரம் மார்ஃபோலினோ ஊசி, அதாவது ஜீனைத் தொடாமல் அதன் செய்தியைச் சில நாட்களுக்கு மட்டும் தடுக்கும் வழி. இரண்டும் ஒரே எடையுள்ள சாட்சிகள் அல்ல. ஆனால் தலைப்பும் முடிவும் இரண்டையும் ஒரே தராசில் வைக்கின்றன. 2015-ல் வந்த ஒரு ஒப்பீட்டில், மார்ஃபோலினோ காட்டிய கோளாறுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் நிஜமாக ஜீன் கெட்ட மீன்களில் தென்படவில்லை. அதைப் படித்த அன்று இந்தக் கட்டுரையின் பாதி கரைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அதுவும் அவசர முடிவுதான். அதே 2015-ல் இன்னொரு குழு, ஜீன் நிஜமாகக் கெடும்போது செல் அதன் உறவுக்கார ஜீன்களை முடுக்கிவிட்டு ஈடுகட்டக்கூடும் என்று காட்டியது. பேக்கப் என்ற என் சொல் பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது, பாருங்கள். 2021-ல் கிறிஸ்பர் மூலம் பி-யைக் கெடுத்த மீன்கள் வந்தன. அவற்றிலும் ஒளி பிடிக்கும் செல்களின் கட்டமைப்பு சிதைந்திருந்தது. 2005-ன் கண் பாதி பிழைத்துக்கொண்டது. சைலர் குழுவின் கணிப்பு சரி. ஆனால் அந்த உறுதியை அவர்கள் 16 வருஷம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்கள் என்பேன்.

இன்னொரு சிக்கல் எலி. இந்த ஜீன் கெட்ட எலிக்குக் காது போகிறது, ஆனால் கண்ணில் கோளாறு தெரிவதில்லை. கட்டுரையே இதைச் சொல்கிறது. பிறகு 2012-ல் ஒரு விடை கிடைத்தது: அஷர் புரதங்கள் ஒளிச் செல்லைச் சுற்றி நிற்கும் சின்ன விரல் போன்ற நீட்சிகளில் இருக்கின்றன, மனிதர், குரங்கு, தவளை எல்லாவற்றுக்கும் அந்த நீட்சிகள் உண்டு, எலிக்குக் கிடையாது. ஆகவே பார்வை இழக்கும் அந்தக் குழந்தைகளுக்காக எதையாவது சோதிக்க வேண்டுமென்றால், எலியைவிட இந்தக் குட்டி மீன்தான் நமக்குக் கிட்டே நிற்கிறது. அதோடு, சமநிலை இழந்த மீன்குஞ்சுகள் நீச்சல் பையில் காற்று நிரப்பத் திணறி, பெரும்பாலும் செத்துப்போகும். ஒரே ஜீனாக இருந்திருந்தால் கண்ணைப் பார்க்கும் முன்பே மீன் போய்விடும்.

ஒரு கேள்விக்கு மட்டும் கட்டுரையின் முடிவு பதில் தரவில்லை. பிரிந்தது வேலை நடக்கும் இடம் மட்டும்தானா, இல்லை புரதமே மாறிவிட்டதா? ஆர்பிட்டர் மீனின் மயிர்ச் செல்லில் பி-யை ஓடவிட்டால் அது நேராக நீந்துமா? நீந்தினால் 'பிரிந்த வேலை' என்பது வெறும் முகவரி மாற்றம். நீந்தாவிட்டால், கதை நான் சொன்ன மாட்யூல் உவமையைவிடப் பெரிது.