பன்னிரண்டு துண்டுகளில் ஒரு சோழப்படை

பில் பார்க்கரும் கூட்டாளிகளும் 1990இல் வெளியிட்ட மேசைப்போர் விளையாட்டு டி பெல்லிஸ் ஆன்டிகுயிட்டாடிஸ். ஆடுபவர்களுக்கு அது டிபிஏ. ஆளுக்குப் பன்னிரண்டு படைப்பிரிவுகள், ஒரு பகடை, இரண்டடிச் சதுரக் களம். ஒரு மணி நேரத்தில் போர் முடிந்துவிடும். பாசிர் ரிஸ்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும்.

பழங்காலப் படைகள் நூற்றுக்கணக்கில் அடங்கிய அதன் தொகுப்பில் தமிழர்களுக்கும் ஒரு படைப்பட்டியல் உண்டு, சிங்களவரோடு சேர்த்து. சங்க காலம் முதல் போர்ச்சுக்கீசியர் வருகை வரை ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதே ஒரு பட்டியல்தான். கரிகாலனும் ராஜேந்திரனும் ஒரே பெட்டியிலிருந்து பொம்மைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பார்த்ததும் தமிழருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் குறை சொல்வதற்கு முன், அந்தப் பட்டியல் எதைச் சரியாகச் செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் சிங்களவரோடு சேர்த்ததை எடுத்துக்கொள்வோம். பொலன்னறுவையில் வேளைக்காரர் கல்வெட்டு இருக்கிறது, தமிழில். சிங்கள அரசனுக்குச் சேவை செய்த படையினர், புத்தரின் பல்லைக் காப்போம் என்று உறுதி சொன்ன கல்வெட்டு அது. அதே வேளைக்காரர்கள்தான், சோழர் மேல் படையெடுக்க முதலாம் விஜயபாகு கிளம்பியபோது கலகம் செய்தார்கள் என்கிறது சூளவம்சம். அக்காலப் படைகள் இன்றைய அடையாள அட்டைகளோடு திரியவில்லை. பட்டியலில் போட்ட அந்த ஒட்டு அவ்வளவு அபத்தமில்லை.

அபத்தம் வேறிடத்தில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் யானையாட்கள், குதிரைச் சேவகர், வில்லிகள், வேளைக்காரர் எனப் படைகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம், தனிப் பெருமை. விளையாட்டில் அவையெல்லாம் 'வில்', 'வாள்', 'யானை' என்று மூன்று நான்கு சொற்களாகச் சுருங்கிவிடுகின்றன. ஆடுபவருக்குத் தேர்வு இருக்கிறது. ஆனால் எதைத் தேர்ந்தாலும் அதில் ஒரு காலமோ அரசோ தெரிவதில்லை. நெகிழ்வு என்ற பெயரில் முகம் அழிந்துபோகிறது.

இதற்கு மாற்றாகப் பலர் யோசிப்பது எதிர்த்திசையில். பொன்னியின் செல்வன் படம் பார்த்துவிட்டு வந்த தம்பி ஒருவர் தானே ஒரு சோழப் பட்டியல் எழுதிக் காட்டினார். யானைக்கு ஒரு புள்ளி கூடுதல், வாளுக்கு ஒரு புள்ளி கூடுதல், கப்பலில் வந்து இறங்கும் உரிமை வேறு. "நம்ம படைண்ணே, கொஞ்சமாச்சும் கெத்தா இருக்க வேணாமா?" என்றார். இருக்கலாம்தான். ஆனால் எதிரே உட்காருபவர் இரண்டாவது முறை விளையாட வரமாட்டார். புகழ்ச்சியை விதியாக எழுதினால் அது மெய்க்கீர்த்தி ஆகும், ஆட்டம் ஆகாது.

சமநிலை என்றால் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதல்ல என்று நம் ஆடுபுலி ஆட்டமே சொல்கிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாவி வெட்டலாம், ஆட்டால் முடியாது. ஆனால் ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கலாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த நேபாளத்து பாக்சாலைக் கணினியில் அலசி, இருவரும் பிசகாமல் ஆடினால் சமன்தான் என்று காட்டிய ஆய்வில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் பங்குண்டு. ஒவ்வொரு பலத்துக்கும் ஒரு விலை வேண்டும், அவ்வளவுதான். ஆடுபுலியில் இல்லாதது தேர்வு. புலிக்காரர் புலியாகத்தான் ஆட வேண்டும். 2023இல் வந்த வார்ஹாமர் 40,000 பத்தாம் பதிப்பு தேர்வையும் விலையையும் சேர்க்கப் பார்க்கிறது. ஒரே இனப் படைக்குப் பல அணிவகுப்புகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சிறப்புவிதி. ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஒன்றைத்தான் எடுக்கலாம். ஒன்றை எடுத்தால் மற்றவற்றை இழக்கிறோம். அந்த இழப்புதான் விலை.

தமிழ்ப் பட்டியலுக்கு இந்த வழி பொருந்தும். விலையை வரலாறே எழுதி வைத்திருக்கிறது. 949இல் தக்கோலத்தில் யானை மேலிருந்த ராஜாதித்தன் கொல்லப்பட்டான், சோழர் தோற்றார்கள். 1054இல் கொப்பத்தில் ராஜாதிராஜனும் யானை மேலேயே மாண்டான். ஆனால் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே பொறுப்பேற்று வென்றான். டிபிஏயில் தளபதி போனால் பெரும்பாலும் ஆட்டமே போயிற்று. தக்கோலத்துக்கு அது சரி, கொப்பத்துக்குத் தவறு. சோழ அணிக்கு 'இளவல்' என்று ஒரு விதி கொடுக்கலாம். அரசன் வீழ்ந்தால் இன்னொரு பிரிவு தலைமை ஏற்கும். பதிலாக, தொடக்கத்திலிருந்தே அரசன் யானை மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்க வேண்டும். பாண்டிய அணிக்கு நல்ல குதிரைப்படை தரலாம். ஆனால் அந்தக் குதிரைகள் கடல் கடந்து விலைக்கு வந்தவை, இந்த மண்ணில் நிறையச் செத்தவை என்று மார்கோ போலோவே சொல்கிறார். எனவே எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். வேளைக்காரரை எடுப்பவருக்கு அசையாத காவற்படை கிடைக்கும். கூடவே, பகடையில் ஒன்று விழுந்தால் அது கட்டளையை மறுக்கும்.

இப்படிச் செய்தால் மூன்று அணிகளும் மூன்று விதமாக ஜெயிக்கும். அதைவிட முக்கியம், மூன்று விதமாகத் தோற்கும். ஒரு படையின் முகம் அது தோற்கும் விதத்தில்தான் தெரிகிறது. தோற்க வழியில்லாத சோழனை மேசையில் வைத்தால் அங்கே நிற்பது சோழனில்லை, நம் ஆசை. பார்க்கரின் பட்டியல் நமக்கு முகம் தரவில்லை என்பது உண்மை. அதைத் திருத்தி எழுதும்போது கொப்பத்தோடு தக்கோலத்தையும் சேர்த்து எழுத நாம் தயாரா என்பதுதான் கேள்வி.