கறுப்பாய்த் தெரியும் ஏரிகள்

சைபீரியாவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைப் பொய்வண்ணத்தில் பார்ப்பதில் எனக்குச் சலிப்பே வருவதில்லை. அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். இலைகள் திருப்பி அனுப்பும். பொய்வண்ணப் படம் அந்த ஒளியைச் சிவப்பாகக் காட்டும். அதனால் கோடைப் படத்தில் லார்ச் காடு சிவப்பாகவும், ஏரிகள் மை சிந்தியதுபோல் கறுப்பாகவும் தெரியும். ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். தனி மரம் அகப்படாது. காடு எரிந்த இடம் தப்பாது.

புவியியலாளர் லாரன்ஸ் ஸ்மித்தின் குழுவினர் 1970களின் படங்களோடு 1997–2004 படங்களை ஒப்பிட்டு, 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட சைபீரிய ஏரிகளை எண்ணினார்கள். 10,882 ஏரிகள் 9,712 ஆகியிருந்தன. ஆய்வு வெளிவந்தது 2005-இல். எண்ணிக்கையைவிட என்னை ஈர்ப்பது அதிலுள்ள முரண். நிரந்தர உறைமண் தொடர்ச்சியாக இருந்த பகுதியில் ஏரிகள் பெருகியிருந்தன; அது விட்டுவிட்டு இருந்த பகுதிகளில் வற்றியிருந்தன. மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி உருகினால் தரை உள்வாங்கி நீர் தேங்கும். உருகல் இன்னும் ஆழமாகப் போனால், தாங்கி நின்ற அடித்தளமே ஓட்டையாகி நீர் வடிந்துவிடும். இரண்டுக்கும் காரணம் ஒரே வெப்பம்தான்!

காட்டை அழித்தாலும் இதே கதைதான்: நிழல் போனால் உறைமண் உருகும். சாகா குடியரசின் பட்டகாய் அருகே 1960களில் மரங்களை வெட்டிய சரிவு, இன்று சுமார் ஒரு கிலோமீட்டர் நீளப் பள்ளம். ஆண்டுக்காண்டு அதன் விளிம்பு பின்வாங்குவதைப் படங்களில் அளந்துவிடலாம்.

2008-இல் அமெரிக்கா லேண்ட்சாட் படக்கிடங்கை இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்குமுன் ஒரு படத்துக்கே நூற்றுக்கணக்கான டாலர்; முப்பது வருடப் படங்களை வாங்கி அடுக்கிப் பார்க்க யாருக்குக் கட்டுப்படியாகும்?