பூநாரைகள் எத்திசை நோக்கின?

2024 மே 20 இரவு, மும்பையின் காட்கோபர் வானில் விமானம் ஒன்று மோதி 30க்கும் மேற்பட்ட பூநாரைகள் செத்து விழுந்தன. மின்கம்பிகள் அவற்றின் பாதையை மாற்றின என்றார்கள். நகர விளக்குகள் திகைக்கச் செய்தன என்றார்கள். நீர்நிலைகளைச் சூழ்ந்த கட்டுமானங்களைக் காட்டினார்கள். எல்லாமே பறவை எந்தத் திசையைத் தேர்ந்தது என்பதைப் பற்றிய ஊகங்கள். எதை எவ்வளவு நம்பலாம் என்று அளந்து சொல்லத் திசைப் புள்ளியியல் என்ற ஒரு துறை உண்டு. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவரான கே. வி. மார்டியா பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவர் என்பதை இந்த ஊர்க்காரர்களே பெரும்பாலும் அறியார்கள்.

திசைக்கு வழக்கமான கணக்கு உதவாது. ஒரு பறவை 350 பாகையிலும் மற்றொன்று 10 பாகையிலும் பறந்தால் இரண்டும் ஏறக்குறைய வடக்கே போகின்றன. கூட்டி இரண்டால் வகுத்தாலோ 180, அதாவது நேர் தெற்கு! ரிச்சர்ட் ஃபான் மீசெஸ் 1918இல் தந்த வட்டப் பரவல் இச்சிக்கலைத் தீர்க்கிறது. சராசரித் திசை எது, அதைச் சுற்றி எவ்வளவு நெருக்கம் என்ற இரண்டே எண்கள் அதற்குப் போதும். 1965இல் எட்வர்ட் பாட்செலெட் விலங்கியலாளர்களுக்காகவே இம்முறைகளை நூலாக்கினார். 1972இல் திசைத் தரவுகள் பற்றி மார்டியா எழுதிய நூல் துறைக்கே அடிப்படையானது.

ஆய்வாளர்கள் அதிகம் நாடியது ரேலீ சோதனையை. பறவைகள் ஒரு திசையை நாடினவா, சிதறினவா என்று அது சொல்லும். ஆனால் பாதிப் பறவைகள் வடக்கிலும் பாதி தெற்கிலும் போனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட, ‘திசையே இல்லை’ என்று விடை வரும். இது சிறிய குறையன்று. கடற்கரையை ஒட்டி வடக்கும் தெற்குமாகப் பறக்கும் பறவைகளின் இயல்பே அதுதான். ஷ்னூட், குரூட் இருவரும் 1992இல் ஒரு முகம், இரு முகம், சிதறல் எனப் பத்து மாதிரிகளை வகுத்து, தரவுக்கு எது பொருந்துகிறது என ஒப்பிடச் சொன்னார்கள்.

முன்னறிவையும் தரவையும் சேர்த்துக் கணிக்கும் பேயீஸ் வழி இன்னும் தூரம் போகிறது. மார்டியாவும் எல்-அதூமும் 1976இலேயே திசைத் தரவுக்கு அதைப் பொருத்தினார்கள். கணினி வலுவான பிறகு, 1999இல் டேமியனும் வாக்கரும் முழுமையான பேயீசியப் பகுப்பாய்வைச் செய்தார்கள்.

மாஹுலை எடுத்துக்கொள்வோம். செம்பூரை அடுத்த அந்தச் சேற்றுப் பரப்பில் மேயும் பூநாரைகள், ஓதம் ஏறும்போது கழியைக் கடந்து கிழக்கே நவி மும்பைக் குட்டைகளுக்குப் போகும். பறவை பார்ப்பவர்கள் நெடுநாளாக அறிந்த இந்தச் செய்தியைக் கணக்கில் முன்னறிவாக இடலாம். பிறகு இருண்ட இரவு, வெளிச்சமான இரவு இரண்டிலும் பதிவான கோணங்களைச் சேர்த்தால், விளக்குகள் பாதையை 20 பாகைக்கு மேல் திருப்பியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று நேராகவே கேட்கலாம். ரேலீ சோதனையால் இக்கேள்விக்கு விடை தர முடியாது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 2022இல் 6 பூநாரைகளுக்கு இடங்காட்டும் கருவி பொருத்தியது. பறவையியலாளர் ஹுமாயூன் அப்துல் அலியின் பெயர் சூட்டப்பட்ட பறவையும் அவற்றில் ஒன்று. ஆறு என்பது குறைவுதான். ஆனால் படிநிலை மாதிரியில் ஒவ்வொரு பறவையும் தன் தனித்தன்மையை இழக்காமல் மற்றவற்றிடமிருந்து வலுவைப் பெறுகிறது. மேய்ச்சலா பயணமா என்ற மறைந்த நிலையையும் இடக்குறிப்புகளிலிருந்து ஊகிக்கலாம். இயன் ஜான்சன் குழு 2005இல் காட்டிய வழி அது. கூட்டமாகப் பறக்கும் நூறு பறவைகளை நூறு தனிச் சான்றுகளாக எண்ணும் பிழையையும் படிநிலை மாதிரி தவிர்க்கும். பூநாரை ஆய்வில் நான் மிக அஞ்சுவது அந்தப் பிழையைத்தான்.

முன்னறிவை இடுவது ஆய்வாளரின் விருப்பத்தை உள்ளே நுழைப்பதாகும் என்ற எதிர்ப்பு நியாயமானது. அதற்காகவே முன்னறிவை எழுதி வெளியிட வேண்டும். மாற்றிப் போட்டால் முடிவு எவ்வளவு அசைகிறது என்றும் காட்ட வேண்டும். விளக்கைப் பழிப்பவர்களும் காப்பவர்களும் தத்தம் முன்னறிவோடு அதே தரவை ஓட்டிப் பார்க்கட்டும்.

அதற்குத் தரவு வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் புள்ளியியல் படிக்கும் நம் பிள்ளைகள் பூநாரைகள் வரும் சிவ்ரியிலோ மாஹுலிலோ நின்று, கூட்டத்துக்கு ஒரு கோணம், நேரம், ஓத நிலை, காற்று, வெளிச்சம் என்று ஒரு பருவம் முழுக்கக் குறித்தாலே முதல் மாதிரியை ஓட்டிவிடலாம்.