பயணியின் உணவும் உழைப்போர் உணவும்

அயல்நாடு கண்டு மீண்டோர் எழுதும் நூல்களுள், உணவையும் மதுவையும் பொருளாகக் கொண்டவை தனியொரு வகையாக எண்ணத்தக்கவை. பிரான்சு நாட்டில் இவ்வகை எழுத்துப் பெரிதும் வளர்ந்தது. கூர்னொன்ஸ்கி என்னும் புனைபெயர் பூண்ட எழுத்தாளரும் மார்செல் ரூஃப் என்பாரும் 1921 முதல் 1928 வரை அந்நாட்டின் மாகாணங்களது உணவுச் சிறப்பை வரிசை வரிசையாக நூலாக்கினர். 1926இல் மிஷலின் வழிகாட்டி நூல் உணவகங்களுக்கு விண்மீன் குறியிடத் தொடங்கிற்று. பிரான்சு, இத்தாலி, ஜேர்மனி என எல்லை கடந்து சென்று, உண்டதையும் அருந்தியதையும் எழுதுவோர் இன்றும் பலர்.

இவ்வெழுத்துகளை எவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பது? சொல்லினிமை போதுமா? சுவையறியும் நாநுட்பம் போதுமா? பதுளைக்குக் கிழக்கே, பசறைக்கும் அப்பால் எழுந்து நிற்கும் மடுல்சீமை மலைகளில் வாழ்வோர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. அம்மலைகளில் விளையும் தேயிலையின் மணத்தை உலகின் மறுபுறத்தில் இருப்போர் புகழ்ந்துரைக்கின்றனர். புகழப்படும் பொருளைத் தம் கையால் பறித்துக் கொடுப்போரின் பக்கத்தில் நின்று படிக்கும்போது, உணவுப் பயண நூல்கள் வேறொரு முகம் காட்டுகின்றன.

தமிழில் இதற்குரிய உரைகல் பழங்காலந்தொட்டே உண்டு. ஆற்றுப்படை நூல்கள் பரிசில் பெற்றோன் பெறாதோனுக்கு வழிகாட்டும் பாட்டுகள் என்பது யாவரும் அறிந்ததே. அவை உணவுப் பயணப் பாட்டுகளும் ஆகும் என்பது அத்துணை எடுத்துரைக்கப்படுவதில்லை. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், நெய்தல் நிலத்துப் பட்டினத்தில் மீனும் பழைய தேறலும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், மருதத்து ஆமூரில் வெண்சோறும் நண்டும் பாணன் பெறுவான் எனக் கூறப்படுகின்றது. நிலம் மாறத் தட்டும் மாறுகின்றது. ஆயினும் ஒன்று மாறுவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் உணவை ஆக்கியவர் பாட்டில் நிற்கின்றார். தேறலை வடித்தவள் நுளைமகள். சோற்றை அட்டவள் எயிற்றி.

அதனினும் சிறந்தது ஒன்று உண்டு. அப்பாட்டு விருந்தினின்று தொடங்குவதில்லை, பசியினின்று தொடங்குகின்றது. பாணன் வீட்டில், குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, அயலார் காண நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்துண்ணும் காட்சியை வைத்த பின்னரே, புலவர் அரண்மனை விருந்தை வைக்கின்றார். பசியை அறிந்தவனே விருந்தைப் பாடுகின்றான். விருந்து தந்தவரும் பெயரின்றிப் போவதில்லை. இவ்விரு பண்பையும் உரைகல்லாகக் கொண்டு, மேனாட்டு உணவுப் பயண எழுத்துள் குறிப்பிடத்தக்க ஒன்றை ஆராய்தல் பயனுடைத்து.

அவ்வெழுத்துத் தோமஸ் ஜெபர்சனுடையது. அமெரிக்கக் குடியரசின் தூதராகப் பாரிஸில் இருந்த காலத்து அவர் இருமுறை நெடும்பயணம் மேற்கொண்டார். முதற் பயணம் 1787 பெப்ரவரி இறுதியில் தொடங்கி யூன் மாதம் வரை நடந்தது. முறிந்த மணிக்கட்டுக்கு எக்ஸ் நகரின் ஊற்றுநீரில் மருத்துவம் நாடுவது வெளிக்காரணம். பேர்கண்டித் திராட்சைச் சரிவுகள், ரோன் ஆற்றங்கரை, வட இத்தாலி, போர்தோ ஆகியவற்றை அவர் அதன்போது கண்டார். இரண்டாம் பயணம் 1788 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நிகழ்ந்தது. ஒல்லாந்துக்குக் கடன் அலுவலாகச் சென்றவர், ரைன் ஆற்றின் வழியே ஜேர்மானியத் திராட்சை ஊர்களைக் கண்டு, சாம்பெய்ன் வழியாக மீண்டார். ஹொக்ஹைம் என்னும் ஊரில் வாங்கிய கொடித்துண்டுகளைத் தம் பாரிஸ் தோட்டத்தில் நட்டார் என்பதும் அறியத்தக்கது.

இக்குறிப்புகள் அச்சுக்கென எழுதப்பட்டவை அல்ல. மண்ணின் நிறம், சரிவின் திசை, கொடி நடும் இடைவெளி, மதுவின் விலை, கூலியின் அளவு ஆகியன அணியின்றி அடுக்கப்பட்டுள்ளன. மிலானுக்கு அருகே பாற்கட்டி செய்யும் முறையை அவர் படிப்படியாக எழுதினார். பியெட்மொண்ட் அரிசி சந்தையில் ஏன் விரும்பப்படுகின்றது என்று தேடிச்சென்று, காரணம் குற்றும் பொறியன்று, நெல்லின் இனமே எனக் கண்டார். அந்நெல்லை வெளியே கொண்டுசெல்வோர்க்கு மரண தண்டனை என்றிருந்தும், தம் சட்டைப் பைகளில் நிரப்பிக் கொண்டுவந்தார். சுவைக்குப் பின்னால் மண்ணும் விதையும் தொழிலும் விலையும் உள்ளன என்பதை இவர்போல் உணர்ந்தெழுதிய பயணிகள் சிலரே.

இக்குறிப்புகளின் உச்சம் பேர்கண்டியிலுள்ள ஒரு சிறு பகுதியாகும். பொமார், வொல்னே என்னும் ஊர்களில் உழைப்போர் நல்ல கோதுமை அப்பம் உண்பதையும், அடுத்துள்ள மெர்சோ என்னும் ஊரில் தாழ்ந்த கம்புவகைத் தானியத்தின் கறுத்த அப்பம் உண்பதையும் ஜெபர்சன் கண்டார். காரணம் வினவினார். முதல் இரண்டு ஊர்களும் செம்மது வடிப்பவை. மெர்சோ வெண்மது வடிப்பது. வெண்மது அடிக்கடி தரம் குன்றி விற்காமல் தேங்குதலால், தோட்டக்காரர் தம் ஆட்களுக்கு நல்லுணவு தர இயலவில்லை என்று விடை கிடைத்தது. அவர் அதனைக் குறித்துக்கொண்டார்.

பயணியின் கண் மதுக்கிண்ணத்தினின்று நீங்கி, அம்மதுவை விளைவித்தோரின் தட்டின்மேல் விழுந்த கணம் இது. ஊர்கள் அருகருகே உள்ளன, உழைப்பும் ஒன்றே, அப்பத்தின் நிறம் மட்டும் வேறு. அந்நிற வேற்றுமையினுள் சந்தையின் முழு வரலாறும் அடங்கியிருக்கின்றது. நண்பர் லபாயெத்துக்கு அதே ஆண்டு எழுதிய மடலில், குடியானவரின் குடிசைக்குள் புகுந்து அவர்தம் பானைக்குள் பார்த்து அவர் அப்பத்தை உண்டாலன்றி நாட்டை அறிய முடியாது என்ற கருத்தை அவர் வற்புறுத்தினார். கதவடைத்துக் கீரை உண்ட பாணனின் அடுக்களையைக் கண்ட நத்தத்தனார் இக்கருத்தை ஏற்பார் என்பதில் ஐயமில்லை.

எனினும் குறையும் அங்கேயே உள்ளது. வெண்மது தேங்கியது என்பது காரணத்தின் பாதி. மது தேங்கியபோது குறைந்தது ஏன் உழைப்போரின் அப்பமாக இருக்கவேண்டும்? நட்டம் தோட்டக்காரரின் மேசையில் எங்கே தெரிந்தது? இவ்வினாவை ஜெபர்சன் எழுப்பவில்லை. கிடைத்த விடையை இயற்கை நியதி போல ஏற்று, அடுத்த ஊருக்கு வண்டி ஏறினார்.

இதனினும் பெரிய முரண் ஒன்று உண்டு. முதற் பயணத்தின் தொடக்கத்திலேயே, பெண்டிரும் பிள்ளைகளும் பாரம் சுமப்பதையும் மண்வெட்டி பிடிப்பதையும் கண்டு, இது கொடிய வறுமையின் ஐயமற்ற அறிகுறி என்று அவர் எழுதினார். அவ்வரிகளை எழுதியவரின் வர்ஜீனியாப் பண்ணையில் அடிமைப் பெண்டிர் மண்வெட்டி பிடித்து நின்றனர். பாரிஸில் அவர் இல்லத்து அடுக்களையில் நின்றவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்னும் அடிமை. பிரெஞ்சுச் சமையற்கலையைக் கற்பதற்காகவே 1784இல் அழைத்துச் செல்லப்பட்ட அவர், 1787இல் அவ்வில்லத்தின் தலைமைச் சமையற்காரரானார். தம் தம்பிக்கு அக்கலையைக் கற்பித்த பின்னரே 1796இல் விடுதலை பெற்றார். அவர் கைப்பட எழுதியவற்றுள் எஞ்சிய ஓர் ஏடு அடுக்களைப் பாத்திரங்களின் பட்டியலாகும். உண்டவர் பயணக் குறிப்பை விட்டுச் சென்றார். ஆக்கியவர் பாத்திரக் கணக்கை விட்டுச் சென்றார். அயலூர் அப்பத்தின் நிறத்தைக் கண்ட கண், தன் வீட்டு அடுப்படியைக் காணவில்லை.

இவ்விரு குறைகளும் ஊவா மலைநாட்டார்க்கு ஏன் உறைக்கின்றன என்பது விளக்கத்தக்கது. இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலில் காணப்பட்டது மடுல்சீமையிலேயே. அந்நோய் மலைநாடெங்கும் பரவிக் கோப்பித் தோட்டங்கள் வீழ்ந்தபோது, பல தோட்டங்களில் கூலி மாதக்கணக்கில் நிலுவையாயிற்று. மெர்சோவில் நடந்ததே இங்கும் நடந்தது. பயிரின் நட்டம் முதலில் லயத்து அடுப்பில் தெரிந்தது.

கோப்பி போய்த் தேயிலை வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரையான அக்காலத்தில் கொழுந்தின் வளர்ச்சி மந்தமாகி, இலையில் மணம் செறிகின்றது. ஊவாத் தேயிலைக்கு உயர்விலை ஈட்டித்தருவது அம்மணமே. திராட்சை மதுவைச் சோதிப்போர் போலவே தேயிலை சோதிப்போரும் ஒரு மிடறு உறிஞ்சி உமிழ்ந்து, நிறமும் மணமும் திண்மையும் கூறுவர். மலைச்சரிவையும் காற்றையும் புகழ்வர். ஆனால் கொழுந்து அருகும் அக்காலத்தில் கூடை நிறைவதும் அரிதாகும். நிறைக்கேற்பக் கிடைக்கும் மேலதிகக் கொடுப்பனவும் அரிதாகும். மெர்சோவில் மது தரம் குன்றியபோது அப்பம் கறுத்தது. மடுல்சீமையிலோ தேயிலை தன் தரத்தின் உச்சியில் நிற்கும்போதே பறிப்பவளின் கூடை இலேசாகின்றது. மணத்தை எழுதும் பயணி இதனை எழுதாவிடின், அவர் மணத்தையும் முழுமையாக அறிந்தாரல்லர்.

சுவை நூல் இன்பத்துக்கென எழுதப்படுவது, அதனிடத்துக் கூலிக்கணக்குத் தேடுதல் தகாது என்று தடை கூறுவாருளர். இத்தடை பொருந்தாது. ஜெபர்சனின் பக்கங்களுள் படிப்பார் நெஞ்சில் நிற்பது அப்பத்தைக் கண்ட பக்கமே, மதுவிலைகளின் வரிசையன்று. உழைப்பை அறிதல் சுவையைக் குறைப்பதில்லை; அதற்கு வேர் தருகின்றது. சிறுபாணாற்றுப்படையின் விருந்து இனிப்பது அக்கீரையின் உவர்ப்பின்மை நினைவில் நிற்பதனாலேயே.

இனி, எஞ்சி நிற்பது யார் எழுதுவது என்னும் வினா. ஹெமிங்ஸ் பெறாத வாய்ப்பை மலைநாட்டு எழுத்தாளர் சிலர் தாமே ஆக்கிக்கொண்டனர். சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, அவர்தம் நாட்டார் பாடல்களையும் தொகுத்தார். ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, ஆசிரியராயிருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் கொண்ட தெளிவத்தை ஜோசப் 2022இல் மறையும்வரை அப்பணியைத் தொடர்ந்தார். அவரது ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் நாவல் 1974இல் வெளிவந்தது. அதே ஆண்டில், அரிசியும் மாவும் அருகியமையால் தோட்டங்களில் பசி தலைவிரித்தாடி இறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தது. தேயிலை மட்டும் வழக்கம்போல் கப்பலேறிற்று. அந்நிகழ்வை எந்த உணவு வழிகாட்டியும் குறிக்கவில்லை.

மடுல்சீமை லயங்களில் காலையில் தட்டும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், மலைக்குப் போத்தலில் கொண்டுசெல்லும் சாயத்தண்ணியும் இன்னும் உரிய பயண நூலைப் பெறவில்லை. ஐரோப்பிய நாடுகளின் திராட்சைச் சரிவுகளை அறிவதற்கு ஜெபர்சனைப் படிக்கும் மாணவர், அவரது கண்ணைக் கற்றுக்கொள்ளல் வேண்டும்; அக்கண் திரும்பாத திசையையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். லயத்தில் பிறந்து கல்லூரிக்கு வந்தவர்க்கு அத்திசை தொலைவில் இல்லை. அவர்தம் தாயின் அடுக்களையே அது.